டிரைவர் சைடா, கிளீனர் சைடா

சாவியைத் தேடி வீடே கலைந்து கிடந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பொலிரோவை எடுத்தால்தான் சாமியானா போட முடியும் என்று பந்தல்காரர் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். மகன் பாண்டிராஜ் அலமாரியைத் திறந்து பார்த்தான். டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். சாமி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்தைக் கவிழ்த்தான். அதில் நாலு பழைய ஊக்கும் ஒரு சட்டைப் பட்டனும் இருந்தன.

சாவி பாலம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் கூடத்தில், பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, மகன் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொடுக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றும்போது, "வண்டிச் சாவி பத்தரம்" என்று சொல்லி அவள் கையில் வைத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் கடைசியாகப் பேசியது ஒரு சாவியைப் பற்றித்தான் என்பதில் அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. ஒரு பேச்சுக்காவது வாரேன் என்று சொல்லியிருக்கலாம்.

"ஏம்மா, வண்டிச் சாவிய எங்கனயும் பாத்தியா?"

முடிச்சை அவிழ்த்தாள். "எங்கன கொண்டு போய் விடுவ?"

"பொறவாசல் சந்துலதான்."

"விட்டுட்டுச் சாவிய எங்கிட்டக் கொண்டாந்து குடு."

"ஒனக்கு எதுக்கும்மா இப்பம்?"

"குடுன்னா குடு."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். புருஷன் கிடக்கும்போது சாவிக்குச் சண்டை போடுகிறாளே என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பொலிரோ கனைத்துக்கொண்டு வாசலைவிட்டு நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எப்போதும் அவள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். இன்றைக்கும் தலை தானாகத் திரும்பியது.

சாமித்துரை அரசு பஸ் டிரைவராக இருந்தவர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் முக்கால்வாசி கோவில்பட்டி நாகலாபுரம் ரூட்டுதான். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையும் கையில் ஒரு சுவர்க் கடிகாரமுமாக வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல ஒரு நாள் வண்டிய நிறுத்தணும் பாலம்மா."

"நிறுத்தி?"

"எறங்கி உக்காரணும்."

"உக்காந்து?"

"பாக்கணும்ட்டி."

பார்க்க வேண்டியது மழையை. நாகலாபுரத்தில் இருந்து சாயங்கால டிரிப் திரும்புகிற நேரம், ஐப்பசியில் மழை கிழக்கே இறங்கும். கரிசலில் பார்வையை மறைக்க ஒன்றும் கிடையாது. பத்து மைலுக்கு அப்பால் அது இறங்குவதும், காடுகாடாக நடந்து வருவதும் நன்றாகத் தெரியும். தெரியும் என்றால் மற்றவர்களுக்கு. மேற்கே பார்த்து பஸ் ஓட்டுகிறவருக்கு அது முதுகுக்குப் பின்னால் நடக்கிற காரியம். "இருவத்தெட்டு வருசமா மழையக் கண்ணாடியிலதாம் பாத்திருக்கேன். ஒரு சாண் கண்ணாடி. அதுலயும் பாதிக்கு பஸ்ஸோட வயிறு" என்பார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் என்று காட்டிக்கொண்டால் மனுஷன் தலைக்குமேல் ஏறிவிடுவார் என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய பொலிரோ ஒன்றை வாங்கினார். வண்டி வந்த பிறகுதான் நிழல் இல்லை என்பது தெரிந்தது. கரிசலில் சீமைக்கருவேலத்தை விட்டால் மரமும் இல்லை. அதன் கீழ் உட்கார்ந்தால் முள்தான். போனில் தேடினார். வெள்ளைக்காரர்கள் வண்டிக் கூரையில் இருந்து ஒரு துணியை இழுத்து விரித்து, அதன் கீழ் நாற்காலி போட்டுக் காப்பி குடித்தார்கள்.

"இதுக்குப் பேரு ஆனிங்" என்று காட்டினார்.

"வீட்டுக்குக் கூர இருக்கு. வண்டிக்கும் கூர இருக்கு. கூரைக்கு எதுக்குக் கூர?" என்றாள் பாலம்மாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் அவளையும் கூட்டிக்கொண்டு புதியம்புத்தூருக்குப் போனார். ஊரே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற ஊர், ஒரு படுதா தைக்க மாட்டார்களா என்பது அவர் யோசனை. தையற்கூடக்காரர் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நைட்டி தைக்க மிசினு அண்ணாச்சி. இந்தத் துணிக்கு ஊசி ஒடிஞ்சிரும்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பயணத்தில் பாலம்மாளுக்கு இரண்டு நைட்டி கிடைத்ததுதான் மிச்சம்.

அடுத்தது, இழுத்தால் வெளியே வருகிற மாதிரி. அதன் முன்பக்கத்தில் இரண்டு கால் உண்டு. காலைக் கயிறு கட்டி ஆணி அடித்து நிறுத்த வேண்டும். ஆணி நிற்குமா என்று பார்ப்பதற்காகப் பங்குனியில் நாகலாபுரத்துக்குப் போய், அவளுடைய அண்ணன் நல்லக்கண்ணுவின் காட்டில் ஓர் இரும்பு ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஆணி வெடிப்புக்குள் போயிற்று. அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. வைகாசியில் ஒரு கோடை மழைக்குப் பிறகு மறுபடியும் போனார். இந்தத் தடவை ஆணி நின்றது. பிடுங்கும்போது தேங்காய் அளவு மண்ணோடு வந்தது. அவருடைய ஒரு கால் செருப்பு மண்ணோடு போயிற்று.

"மாப்ள, கரிசக்காடு ஆளையே நிக்க விடாது. கம்பையா நிக்க விடும்?" என்று நல்லக்கண்ணு சிரித்தார். "நாங்க மழ வராதான்னு வெளியில நிக்கோம். நீங்க மழைக்கு ஒதுங்கக் கூடாரம் வாங்குதிய."

அப்புறம் அவர் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். நாகலாபுரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு சிமென்ட் உலர்களம். அறுப்புக் காலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் காயும். மற்ற நாளில் ஆடு படுத்திருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் டயர் புதையாது. கிழக்கே கண்ணுக்கு எட்டின மட்டும் காடு. பஸ் ஸ்டாப் கிடையாது. ஆனால் சிமென்டில் ஆணி இறங்காது. ஆகவே ஆணியும் வேண்டாத, காலும் வேண்டாத மூன்றாவது மாதிரிதான் சரி என்று ஆயிற்று. வண்டியின் பின்மூலையில் கீல். அங்கிருந்து விசிறிபோலச் சுற்றி விரியும். தன்னாலே நிற்கும். சாத்தூர் பைபாஸில் லாரிக்கு பாடி கட்டுகிற இசக்கிதுரை கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்து, கேரியர் அடித்து மாட்டித் தருவதாக ஒத்துக்கொண்டான்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. ஒரு பக்கத்துக்குச் செய்ததை மறுபக்கம் மாட்ட முடியாது. வலது பக்கமான டிரைவர் சைடுக்கு ஒன்று, இடது பக்கமான கிளீனர் சைடுக்கு ஒன்று. முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"நீ சொல்லு" என்றார் சாமித்துரை.

"நான் என்னத்தக் கண்டேன்? ஒங்களுக்குப் புடிச்சதச் சொல்லுங்க."

"இல்லட்டி. நீதாம் சொல்லணும். டிரைவர் சைடா, கிளீனர் சைடா?"

அது ஆடி மாதம். இன்றைக்குப் புரட்டாசி முடியப்போகிறது. இந்த இரண்டரை மாதமும் தினமும் நாலு மணி டீயைக் கையில் வாங்கியதும் அவர் அதைக் கேட்டார். தினமும் அவள், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். இதில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. ஆடி மாதம் கேட்ட முதல் வாரத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாததற்குக் காரணம் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற காரணம். பாலம்மாளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மாப்பிள்ளையை அவள் அப்பா முடிவு செய்தார். வீட்டை மாமனார் முடிவு செய்தார். சேலையை சாமித்துரை எடுத்துக்கொண்டு வருவார், அது என்ன கலரோ அதுதான் அவளுக்குப் பிடித்த கலர். டூட்டி முடித்து வருகிற ஆள் சாப்பிடுவார், தூங்குவார், விடியுமுன் எழுந்து போவார். அப்படிப்பட்டவர் இப்போது எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்து, நீ சொல்லு நீ சொல்லு என்றார். சொல்லிவிட்டால் கேட்பது நின்றுபோகும். கேட்கட்டுமே என்று இருந்துவிட்டாள். நேற்று நாலு மணிக்கும் கேட்டார். வத்தலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். ஆறு மணிக்கு நெஞ்சு வலித்தது.

பத்து மணி சுமாருக்கு அவருடைய போன் அடித்தது. அதை யாரோ அவள் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் இருந்து துக்கம் கேட்கிற போனாக வந்துகொண்டிருந்தது. எடுத்தாள்.

"அண்ணாச்சி, இசக்கிதுரை பேசுதேன். கோயம்புத்தூர்க்காரன் இன்னைக்கு லோடு ஏத்துதானாம். இன்னைக்கு விட்டா பெறகு தீவாளி கழிச்சுத்தாம். நாலு மணிக்குள்ள சொல்லணும். டிரைவர் சைடா, கிளீனர் சைடா?"

பக்கத்தில் பாலம்மாளின் நாத்தனார் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி?"

"நான்தாம் தம்பி பேசுதேன்."

"மதினியா? அண்ணாச்சி இல்லியா?"

அவள் பெஞ்சைப் பார்த்தாள். தாடையைச் சுற்றி வேட்டித் துணியால் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த ரூபாய்க் காசு சற்று நகர்ந்திருந்தது. அதைச் சரி செய்தாள்.

"தூங்குதாவ" என்றாள். "நான் கேட்டுச் சொல்லுதேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒசூரில் மகனுக்குத் தெரிந்து, ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட்டான். சாத்தூரில் ஓர் ஆள் மட்டும் சாமித்துரை அண்ணாச்சி எழுந்து பதில் சொல்வார் என்று காத்துக்கொண்டிருக்கிறான். நாலு மணி வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது, அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

பதினோரு மணிக்கு நல்லக்கண்ணு பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். கோடி வேட்டியை உடம்பின் மேல் போட்டுவிட்டு, தங்கச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கால் விரல் இடுக்கில் கரிசல் மண் காய்ந்து இருந்தது.

"புழுதியில வெதச்சிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். "போன வாரம் மாப்ள போன் போட்டாவ. மச்சான், மழ எப்பம் வரும், சரியாச் சொல்லுங்கன்னு. எனக்குத் தெரிஞ்சா நான் ஏம் இப்படி இருக்கேன்னேன். வந்தா ஒங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதேம்னாவ. ஏங் காட்டு மழைய எனக்குக் காட்டுதேங்காவ பாரு."

அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பாலம்மாள் அவருடைய முதுகில் கையை வைத்தாள். அண்ணன் தங்கைக்கு ஆறுதல் சொல்ல வந்து, தங்கை அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் பாண்டிராஜ் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"ஏம்மா, அப்பா ஏதோ ஆனிங்குன்னு சாத்தூர்ல சொல்லி வச்சிருக்காவளா? அப்பா போன்ல மெசேஜா வந்து கெடக்கு."

"ஆமா."

"சரி, நான் பேசி வேண்டாம்னு சொல்லிருதேன். இனிமே யாரு போகப் போறா? வண்டியும் சும்மா நின்னா துருப்புடிச்சிரும். ஏங் கூட்டாளி ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். பதினாறு முடிஞ்சதும் நீ எங்கூட ஒசூருக்கு வந்துரு."

அவன் கெட்டவன் இல்லை. விடிய விடிய அழுது கண் வீங்கிப் போயிருந்தது. பதினைந்து பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஐஸ் பெட்டி வேண்டுமா, சங்கு ஊதுகிறவர் வந்தாச்சா என்று ஓடிக்கொண்டிருந்தவன், எதையாவது ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று பார்த்தான். கைக்கு அகப்பட்டது இதுதான்.

"மொதல்ல அவியள எடு" என்றாள் பாலம்மாள். "வண்டியப் பத்திப் பெறகு பேசு. சாவி எங்க?"

அவன் சாவியைக் கொடுத்தான். அவள் முடிந்துகொண்டாள்.

ஒரு மணிக்கு நீர்மாலை எடுக்கப் போனார்கள். தெருக்கோடியில் இருக்கிற அடிபம்பில் குளித்துவிட்டு, மகனும் பங்காளிகளும் ஆளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். முன்னால் சங்கும் சேகண்டியும் வந்தன. அவர்களுடைய தலைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை நாலு பேர் நாலு முனையிலும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். பாலம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

நாலு பேரில் மூன்று பேர் உயரம். பின்னால் வலது முனையைப் பிடித்தவர் குட்டை. அதனால் அந்த மூலை தொங்கிக்கொண்டு வந்தது. தெரு திரும்பும்போது வேட்டி ஒரு பக்கமாக இழுபட்டுப் போய், பாண்டிராஜின் தோளில் வெயில் விழுந்தது. சாமித்துரை பக்கத்தில் நின்றிருந்தால், ரெண்டே கால் மீட்டர்தாம் இருக்கும், பத்தாது என்று சொல்லியிருப்பார். கால் வேண்டாம், கயிறு வேண்டாம், ஆணி வேண்டாம், நாலு ஆள் மட்டும் வேண்டும் என்று சிரித்திருப்பார். இதைச் சொல்லிச் சிரிக்க அவர் ஒருத்தர்தான் உண்டு. சேகண்டிச் சத்தம் வாசலுக்கு வந்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பைப் பந்தலுக்குக் கீழே கொண்டு வந்து குளிப்பாட்டினார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயும் சீயக்காயும் தொட்டுத் தலையில் வைத்தார்கள். அவளையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து விட்டார்கள். குனிந்தபோது அவருடைய இரண்டு கையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

இடது கை மாநிறம். வலது கை முழங்கைக்குக் கீழே கறுப்பு. இருபத்தெட்டு வருஷம் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த கை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கறுப்பு போகவில்லை. டிரைவராகிச் சில வருஷம் ஆனதும், ரெண்டு ஆளு கைய வாங்கி மாட்டியிருக்கு ஒங்களுக்கு என்று அவள் கேலி செய்திருக்கிறாள். ஆடி மாதம் உலர்களத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது, அவள் இடது பக்கம் இறங்கினாள். அவர் வலது பக்கம் இறங்கி, அந்தக் கையைத்தான் நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கிழக்கே பார்த்தார். அவள் முடிவு செய்தது அப்போதுதான். ஓட்டுகிறவர் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தால் நிழலில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்வதற்கு இரண்டரை மாதம்.

எண்ணெய் தொட்ட விரலைத் தலையில் வைத்துவிட்டு, அந்த வலது கையிலும் ஒரு கோடு இழுத்தாள். "கையில எல்லாம் வைக்கக் கூடாதுட்டி" என்று யாரோ சொன்னார்கள். அவள் இன்னொரு கோடும் இழுத்துவிட்டு எழுந்தாள்.

மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனை வரைக்கும் பெண்கள் போனார்கள். பாடை திரும்பி மறைந்ததும் வெடிச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். புறவாசலில் அவளைக் குளிக்க வைத்து, ஈரத்தலையோடு ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். நாத்தனார் காப்பி போட உள்ளே போனாள். கூடத்தில் பெஞ்சு இருந்த இடத்தில் தரை ஈரமாக, காலியாக இருந்தது. டீ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்க முடியவில்லை.

சாவியையும் அவருடைய போனையும் எடுத்துக்கொண்டு, புறவாசல் கதவைத் திறந்து சந்துக்குப் போனாள். பொலிரோ தெற்கே பார்த்து நின்றது. பாண்டிராஜ் அவசரத்தில் சுவரை ஒட்டிவிட்டிருந்ததால் இடது பக்கக் கதவைத் திறக்க வழி இல்லை. வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

அந்த இருக்கையில் அவள் ஒன்பது நாள் உட்கார்ந்திருக்கிறாள். பாலிடெக்னிக் மைதானத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ ஓட்டு, நான் வேடிக்க பாக்கணும்" என்றார். ஒன்பது நாளில் முன்னால் போக வந்தது. ரிவர்ஸ் வரவில்லை. "முன்னால போனாப் போதும்ட்டி. பின்னால எடுக்கணும்னா நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டீயரிங்கில் அவருடைய சிவப்புத் துண்டு சுற்றியிருந்தது. பக்கக் கண்ணாடி அவர் உயரத்துக்குத் திருப்பி வைத்தது. அவளுக்கு அதில் வானம் மட்டும்தான் தெரிந்தது. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

போன் அடித்தது.

"மதினி, மணி நாலாகப் போகுது. அவன் போன் மேல போன் போடுதான். அண்ணாச்சி எந்திரிச்சிட்டாவளா?"

"டிரைவர் சைடு" என்றாள் பாலம்மாள்.

அந்தப் பக்கம் இசக்கிதுரை சிரித்தான். பின்னால் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு வழியாச் சொல்லிட்டீங்களா. நான் ஆடி மாசமே டிரைவர் சைடுன்னு எழுதி வச்சிட்டேன் மதினி."

"யாரு சொன்னா?"

"அண்ணாச்சிதாம். அவ டிரைவர் சைடுன்னுதாம் சொல்லுவா, எனக்குத் தெரியும், ஆனா அவ வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் அனுப்பச் சொல்லாதன்னாவ. அதாம் தெரிஞ்சிட்டே அண்ணாச்சி, பெறகு எதுக்கு மதினியத் தெனமும் போட்டுக் கொடையுதியன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"கேக்கதுக்கு நல்லாருக்குடேன்னாவ."

பாலம்மாள் போனைக் காதில் இருந்து எடுத்து மடியில் வைத்தாள். உள்ளே இருந்து அவன் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் எடுத்துக் காதில் வைத்தாள்.

"...மதினி? இருக்கீங்களா? சாமான் வாரதுக்குள்ள கேரியர் அடிச்சிரணும். வண்டிய எப்பம் கொண்டாருவாவ?"

"பதினாறு கழிச்சுக் கொண்டாரேன் தம்பி" என்றாள். "நான்தாம் கொண்டாரேன்."

அவன் யாரையோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருப்பான், இரும்பு அறுக்கிற சத்தம் நின்றது. அப்புறம், "சரி மதினி" என்றான்.

மேற்கு வெயில் சந்துக்குள் இறங்கி, ஜன்னல் வழியாக அவளுடைய வலது கையில் விழுந்தது. முழங்கையில் இருந்து விரல் வரைக்கும் சுட்டது. கண்ணாடியை ஏற்றிவிடுகிற பிடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"ஏட்டி பாலம்மா" என்று புறவாசலில் நாத்தனார் கூப்பிட்டாள். "காப்பி ஆறுது. இந்த வெயில்ல அங்கன என்ன செய்யுத?"

"இந்தா வாரேன்" என்றாள். கையை ஜன்னல் விளிம்பில், அவர் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.